தங்கை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள், நான் என்ன செய்வது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 16 வயதுத் தங்கையின் கையில் காயத் தழும்புகளைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறீர்கள். சில பழையவை, சில புதியவை. கேட்டதும் முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள், "அம்மா அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள். பதற்றத்தில் நீங்கள் கத்திவிட்டீர்கள். அன்றிலிருந்து அவள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள்: இது கவனத்தை ஈர்க்கச் செய்வதா, இனிமேல் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கலாமா, பெற்றோரிடம் சொல்லலாமா. இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அவள் உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? என்னால் அதைத் தடுக்க முடியுமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்தவள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடும் அவர்களுடைய குடும்பங்களோடும்தான் என் வேலை. ஆனாலும் உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய ஒரு பத்தியை வைத்து அவளுக்கு ஆபத்து உண்டு, இல்லை என்று சொல்வது சரியல்ல. நேரில் பார்க்கிறவர்களுக்கே அது கடினம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், மதிப்பெண் போடும் கேள்வித்தாள்களை வைத்து யார் மறுபடி காயப்படுத்திக்கொள்வார்கள், யார் உயிரை மாய்த்துக்கொள்வார்கள் என்று கணிக்க வேண்டாம் என்று மருத்துவர்களிடமே சொல்லியிருக்கிறது. அதனால் "மேலோட்டமான காயம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று யாராவது அடித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "இது கட்டாயம் தற்கொலையில்தான் போய் முடியும்" என்று பயமுறுத்தினாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற பலர் அந்த நேரத்தில் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5, சாகும் எண்ணமில்லாமல் காயப்படுத்திக்கொள்வதைத் தற்கொலை முயற்சியிலிருந்து பிரித்து, மேலும் ஆராய வேண்டிய தனி நிலையாகக் குறிப்பிட்டது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. ஒரே ஆளுக்கு ஒரு நாள் வலி தணிந்தால் போதும் என்றிருக்கும், இன்னொரு நாள் சாக வேண்டும் என்றிருக்கும். காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு கணக்கு வந்தது. அவர்களில் ஏறக்குறைய 25 பேரில் ஒருவர் அடுத்த 5 ஆண்டுகளுக்குள் தற்கொலையால் இறந்திருந்தார். பெரும்பாலானோர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். ஆனால் பொதுவான மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய எண். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு, அவர்களில் சாகும் எண்ணத்தோடு செய்தவர்களும் உண்டு. வீட்டுக்குள்ளேயே மறைத்துக்கொண்டு இருக்கும் உங்கள் தங்கை போன்ற பிள்ளைகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

அப்படியென்றால் அவள் மனதில் சாவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுத்தான். நேராக, சுற்றி வளைக்காமல். "சில நேரம் ரொம்ப முடியாம போகும்போது செத்துப்போகலாம்னு தோணுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இந்த ஒரு கேள்விக்குத்தான் அஞ்சுகின்றன. கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே விதைத்துவிடுவோம் என்று நினைக்கிறார்கள். இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள், மறு பாதியிடம் கேட்கவில்லை. 2005-இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி சற்று ஆறுதலாகவே இருந்ததுபோல் தெரிந்தது. என் அறையிலும் அதையேதான் பார்க்கிறேன். கேட்டதும் பல பிள்ளைகளின் தோள் கொஞ்சம் தளரும். இவ்வளவு நாளும் யாரும் வாயால் சொல்லாததை ஒருவர் சொல்லிவிட்டாரே என்ற நிம்மதி அது.

அவள் "ஆமாம்" என்று சொன்னால், எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்றாலோ, இன்றைக்கே ஏதாவது செய்துவிடுவேனோ என்று அவளுக்கே பயமாக இருக்கிறது என்றாலோ, இதற்குக் கீழே நான் எழுதியிருக்கும் எதையும் இப்போது படிக்க வேண்டாம். அவளைத் தனியாக விடாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். அந்த இரவில் பெற்றோரிடம் சொல்லலாமா என்ற யோசனையே கிடையாது, சொல்லித்தான் ஆக வேண்டும். மாத்திரையோ வேறு எதுவுமோ விழுங்கியிருந்தால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கெடுதல் நடந்துகொண்டிருக்கலாம்.

இனி, ஏன் செய்கிறாள் என்பதற்கு வருகிறேன். இது புரியாமல் செய்யும் எந்த உதவியும் பாதியில் நின்றுவிடும். என்னிடம் வந்த ஒரு பெண்ணை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். சட்டையின் முழுக்கையை இழுத்துக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசும்போதெல்லாம் அந்தத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நெஞ்சு இறுகிடும். தலைக்குள்ள பத்து பேர் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கும். எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க." அதற்குப் பிறகு? "எல்லாரும் நிறுத்திடுவாங்க." எவ்வளவு நேரத்துக்கு? "கொஞ்ச நேரம்தான். அப்புறம் முழுக்கை சட்டையைத் தேடும்போது என் மேலயே வெறுப்பா வரும்." அவ்வளவுதான் அவள் சொன்னது. இந்தப் பழக்கத்தின் முழுச் சுற்றும் அதற்குள் இருக்கிறது. தாங்க முடியாத உணர்ச்சி, சட்டென்று கிடைக்கும் அமைதி, அதன் பின்னாலேயே வெட்கம். அந்த வெட்கமே அடுத்த முறை தாங்க முடியாத உணர்ச்சியாகத் திரும்பி வரும்.

ஆராய்ச்சியும் பெரும்பாலும் இதையே சொல்கிறது. மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004-இல் காரணங்களை நான்காகப் பகுத்தார்கள். வேதனையான உணர்விலிருந்து விடுபடுவது ஒன்று. மரத்துப்போன நிலையில் ஏதாவது ஒன்றை உணர்வது இன்னொன்று. மற்ற இரண்டும் சுற்றியிருப்பவர்கள் சம்பந்தப்பட்டவை: மற்றவர்களிடமிருந்து ஒரு பதிலைப் பெறுவது, தாங்க முடியாத ஒரு சூழ்நிலையிலிருந்து தப்பிப்பது. இவற்றில் வேதனையைத் தணிப்பதுதான் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வருகிறது. தன்னைத் தண்டித்துக்கொள்வதும் நிறையப் பேர் சொல்லும் காரணம். ஒருவரிடமே இவற்றில் இரண்டு மூன்று கலந்திருக்கும். அவளுக்கே எது என்று தெரியாமலும் இருக்கலாம். அதனால் "ஏன் செய்யறே?" என்று கேட்டு அவள் "தெரியலை" என்றால், அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வலி எப்படி அமைதியைத் தரும் என்று உங்களுக்குத் தோன்றலாம். இதில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு, இன்னும் முடிவாகாதது ஒன்று உண்டு. உடல் வலி ஏற்பட்டு அது விலகும்போது, அதோடு சேர்ந்து மன வேதனையும் சற்று நேரம் தணிகிறது. ஆய்வகத்தில் லேசான வலியைக் கொடுத்து நிறுத்தி இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். தன்னை ஒருநாளும் காயப்படுத்திக்கொள்ளாத ஆட்களிடமும் இது நடக்கிறது. ஆகவே உங்கள் தங்கையின் மூளையில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம், எல்லா மனித உடலிலும் இருக்கும் ஓர் இயல்பை அவள் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டாள். உடலில் இயற்கையாகச் சுரக்கும் வலிநிவாரணிப் பொருட்களுக்கு அடிமையாகித்தான் இப்படித் தொடர்கிறார்கள் என்ற விளக்கம் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அது ஒரு கருதுகோள், நிரூபணமான உண்மையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இது எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் வந்த ஒரு தொகுப்பின்படி, வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது சாகும் எண்ணமில்லாமல் தங்களைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் 12, 13, 14 வயதில் தொடங்குகிறது. பெண் பிள்ளைகளிடம் சற்று அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கோபத்தில் சுவரில் குத்தி விரல் முட்டியைக் காயப்படுத்திக்கொள்ளும் பையனை "முரடன்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவனையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

கவனத்தை ஈர்க்கவா என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கேட்டால் மழுப்பி, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுகிற பெண் யாருடைய கவனத்தை ஈர்க்கப் பார்க்கிறாள்? பெரும்பாலானோர் மறைக்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று செய்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தன் வேதனையை நம்மிடம் தெரிவிக்க உடம்பைக் காயப்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குக் கவனம் கட்டாயம் தேவை. "சும்மா நடிக்கிறா" என்ற வார்த்தையை உங்கள் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வாயே திறக்காமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தியம் வாங்குவதைப் பற்றி என் கருத்து உறுதியானது: வாங்காதீர்கள். "அண்ணன் மேல சத்தியம்" என்று சொல்ல வைத்தால் அவள் மனதார, உங்கள் மேல் இருக்கும் பாசத்தில் சொல்லிவிடுவாள். பத்து நாள் கழித்து அந்த இறுக்கம் மறுபடி வரும். அன்றைக்கு அவளுக்கு அதைச் சமாளிக்க வேறு எதுவும் கையில் இருக்காது, ஏனென்றால் அதற்குப் பதிலாக நாம் எதையும் கொடுக்கவில்லை. காயப்படுத்திக்கொள்வாள். இப்போது சத்தியத்தை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அடுத்து அவள் செய்யப்போவது நிறுத்துவது இல்லை, கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிக்கொள்வது. நீங்களோ எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சத்தியத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கேளுங்கள்: "செய்யணும்னு தோணும்போது எனக்கு ஒரு மெசேஜ் போடுவியா? செஞ்ச பிறகாவது சொல்லுவியா? நான் திட்டமாட்டேன்." இதை அவளால் காப்பாற்ற முடியும். அவள் அப்படி உண்மையிலேயே வந்து சொல்லும் நாளில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது. அழவோ, தலையில் அடித்துக்கொள்ளவோ, "இவ்வளவு சொல்லியும்..." என்று தொடங்கவோ கூடாது. "சொன்னதுக்கு நன்றிம்மா. காயம் எப்படி இருக்கு, மருந்து போடணுமா?" என்பது போதும்.

காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டு, காட்டு என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவளாகக் காட்டினால், வேறு யாருக்காவது அடிபட்டால் எப்படிப் பார்ப்பீர்களோ அப்படிப் பாருங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் சிறு காயங்களுக்குப் போதும். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்கவில்லை, காயம் ஆழமாக வாய் பிளந்திருக்கிறது, சுற்றிலும் சிவந்து வீங்குகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே அவளை யாராவது திட்டினால் நீங்கள் பக்கத்தில் நின்று தடுங்கள். காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களைத் தண்டிக்கும் விதமாக நடத்தக் கூடாது என்று மேலே சொன்ன நைஸ் நெறிமுறையே சொல்கிறது. ஆனாலும் எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை.

பேச உட்காருவது எப்படி? எதிரெதிரே உட்கார்ந்து "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று தொடங்கினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். நடந்து போகும்போது, வண்டியில் போகும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியில்லாத நேரங்களில் இந்த வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் எளிதாகப் பேசுவார்கள். காயத்தைப் பற்றிய கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய மணி நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். அன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எப்போதிலிருந்து தூக்கம் வரவில்லை. பள்ளியில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா, யாராவது தகாத முறையில் தொட்டார்களா, படத்தையோ செய்தியையோ வைத்து மிரட்டுகிறார்களா என்பதையும் ஒரே நாளில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியிருக்கும். உடனே தீர்வு சொல்லாதீர்கள். "இதுக்குப் போய்..." என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். அவள் பேசாமல் இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் கூடவே இருக்கலாம்.

பெற்றோரிடம் சொல்வது இந்தக் கேள்விகளிலேயே கடினமானது, இதில் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. ஆனால் 16 வயதுப் பெண்ணின் இந்தச் சுமையை ஓர் அண்ணன் மட்டும் தனியாகத் தாங்க முடியாது, தாங்கவும் கூடாது. விவரம் தெரிந்த, பொறுப்புள்ள ஒரு பெரியவராவது இதற்குள் வர வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முழு வாக்குறுதி கொடுத்திருந்தால், இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள்: "உனக்குத் தெரியாம யார்கிட்டயும் போய் சொல்லமாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா சொல்லுவேன். அப்பவும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான்." பிறகு யாரிடம் முதலில் சொல்லலாம், எந்த வார்த்தைகளில், அவள் அறையில் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதை அவளையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். சொல்வதா வேண்டாமா என்பதில் அவளுக்கு இல்லாத பிடியை, எப்படிச் சொல்வது என்பதில் கொடுக்கிறீர்கள். சொல்வதற்கு முன் பெற்றோரில் நிதானமானவரைத் தனியாகத் தயார் செய்யுங்கள். முதல் அதிர்ச்சியில் பெற்றோர் செய்பவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: அறையைப் புரட்டிப் போடுவார்கள், போனைப் பிடுங்குவார்கள், கதவைப் பூட்டக் கூடாது என்பார்கள், தினமும் கையைக் காட்டச் சொல்வார்கள். எல்லாம் பயத்தில்தான். ஆனால் தோழிகளோடு பேசும் ஒரே வழியான போனைப் பிடுங்கிவிட்டால் அவள் இன்னும் தனியாகிவிடுவாள். ஒரே ஒரு விதிவிலக்கு. அவளுடைய வேதனைக்குக் காரணமானவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அடியோ பாலியல் தொல்லையோ அங்கேதான் நடக்கிறது என்றால், அந்த நபரிடம் போகாமல் ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ போங்கள்.

வீட்டில் கூர்மையான பொருட்களையெல்லாம் ஒளித்து வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முழுவதும் அகற்ற முடியாது, முயன்றால் வீடு சிறைபோல் ஆகிவிடும். அவளோடு பேசி, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைக் கொஞ்சம் எட்டப் போடுவதில் பயன் உண்டு, ஏனென்றால் இந்த உந்துதல் ஏறும் வேகத்தில் சில நிமிடம் தாமதமானாலே பல நேரம் இறங்கத் தொடங்கிவிடும். மாத்திரைகள், விஷப் பொருட்கள் விஷயத்தில் மட்டும் தயக்கமே வேண்டாம், பூட்டி வையுங்கள். இது உயிரைக் காப்பாற்றும் வேலை.

அந்தச் சில நிமிடங்களில் அவள் செய்யக்கூடியவை சில உண்டு. மிகக் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அரை நிமிடம் நனைத்தால் இதயத் துடிப்பு இறங்கும். இதற்கு உடலியல் காரணம் உண்டு, தண்ணீரில் மூழ்கும்போது உடல் காட்டும் இயல்பான எதிர்வினை அது. இதய நோயோ உணவு உண்ணாமல் இருக்கும் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக நடப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குவது, தோன்றியதையெல்லாம் எழுதிக் கிழித்துப்போடுவது, யாராவது இருக்கும் அறைக்குப் போய் உட்காருவது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று உதவும். எது உதவும் என்பதை அவள் நன்றாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கொந்தளிப்பில் யாருக்கும் யோசனை வராது. காயத்துக்குப் பதிலாகச் சிறு வலியைத் தரும் மாற்று வழிகள் என்று இணையத்தில் சில சுற்றுகின்றன. அவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. வேதனை வந்தால் வலி என்ற அதே பாதையை அவை உயிரோடு வைத்திருக்கின்றன என்பது என் எண்ணம், நான் பரிந்துரைப்பதில்லை.

இவையெல்லாம் தற்காலிகம்தான். உள்ளே இருப்பதைச் சரிசெய்ய முறையான சிகிச்சை வேண்டும். உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகமுள்ள வளரிளம் பிள்ளைகளுக்கு அதிகம் ஆராயப்பட்டது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. கொந்தளிப்பைத் தாங்குவது, உணர்ச்சிகளைக் கையாள்வது, உறவுகளில் தனக்கு வேண்டியதைக் கேட்பது ஆகியவற்றை அதில் திறன்களாகவே பயிற்றுவிப்பார்கள். அதை உருவாக்கிய மார்ஷா லைன்ஹன், இளம் வயதில் தானே இதே பிரச்சினையோடு மருத்துவமனையில் நீண்ட காலம் இருந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் தங்கைக்கு என்றைக்காவது இதைச் சொல்லுங்கள். 2018-இல் அமெரிக்காவில் 173 வளரிளம் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், 6 மாத முடிவில் டிபிடி பெற்றவர்களிடம் காயப்படுத்திக்கொள்வது மற்றொரு ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஒரு வருடத்தில் இரண்டு குழுவும் முன்னேறியிருந்ததால் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. டிபிடி தெரிந்தவர் அருகில் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை தெரிந்த ஒருவரோ, பொறுமையாகக் கேட்டுத் தொடர்ந்து பார்க்கும் ஒரு நல்ல கவுன்சிலரோ கிடைத்தாலும் பயன் உண்டு. காயப்படுத்திக்கொள்வதை நிறுத்த என்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் கூடவே மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தால் அவற்றுக்கு மருத்துவர் மருந்து கொடுக்கலாம், அதைத் தவறாக நினைக்க வேண்டாம். முதலில் பார்க்கிறவர் அவளுக்குப் பிடிக்காமல் போனால் வேறொருவரைப் பாருங்கள். ஒருவரோடு ஒத்துப்போகாததை வைத்து "சிகிச்சையே வேலைக்காகாது" என்று அவள் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயதிலிருந்து இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வந்த ஆய்வில், வளரிளம் பருவத்தில் காயப்படுத்திக்கொண்டவர்களில் 10-இல் 9 பேர் பெரியவர்களான பிறகு அதைச் செய்யவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் நின்றுவிட்டாலும், அப்படியிருந்த பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் தொடர வாய்ப்பு அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க நான் சொல்லாததற்கு அதுதான் காரணம். வழியில் சறுக்கல்கள் வரும். மூன்று மாதம் எதுவும் இல்லாமல் இருந்து, ஒரு தேர்வு முடிவு வந்த அன்று மறுபடி நடக்கும். அந்த மூன்று மாதத்தில் அவள் கற்றது எதுவும் அன்றோடு அழிந்துபோவதில்லை. இடைவெளி நீள்கிறதா, காயம் லேசாகிறதா, முன்கூட்டியே வந்து சொல்கிறாளா என்று பாருங்கள். முன்னேற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.

கடைசியாக நீங்கள். உங்களுக்கும் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கதவுக்கு வெளியே நின்று காவல் காப்பது உங்கள் வேலை அல்ல, உங்களால் முடியவும் முடியாது. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அவள் மறுபடி காயப்படுத்திக்கொள்ளலாம், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பாரத்தை இறக்கி வைக்க நம்பகமான ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், கவுன்சிலரிடம் நீங்கள் மட்டும் போனாலும் சரிதான். சிறிய விஷயங்கள் வீண் என்றும் நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் மாத்திரை விழுங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு ஓர் ஆண்டில் 8 அஞ்சலட்டைகள் அனுப்பிப் பார்த்தார்கள். எப்படி இருக்கிறீர்கள், வேண்டுமென்றால் எழுதுங்கள் என்ற அளவில்தான் அதில் இருந்தது. மறுபடி செய்த ஆட்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை, ஆனால் மொத்தத்தில் அப்படி நடந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2005-இல் வந்த முடிவு இது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேசாமல் இருக்கிறாள் என்றீர்கள். அவள் முதலில் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். கதவைத் தட்டி, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று சொல்லுங்கள்: "அன்னிக்கு நான் கத்தினது தப்பு. கோபம் இல்ல, பயந்துட்டேன். நீ இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். நாளைக்கு வெளிய போறேன், கூட வர்றியா?" வரமாட்டேன் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.